புதுப்பிக்கும் தேதிக்கு அறுபது நாள் முன்னால்

அமெரிக்காவில் ரெசிடென்சி முடித்து முதல் வேலையில் சேரும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் இதை எழுதுகிறேன். மதுரையிலும் செங்கல்பட்டிலும் தஞ்சாவூரிலும் படித்துவிட்டு இங்கே வந்த பிள்ளைகள் என்னிடம் நோயைப் பற்றிக் கேட்பது குறைவு. அதில் அவர்கள் என்னைவிடத் தெளிவாகவே இருக்கிறார்கள். கேட்பதெல்லாம் காகிதத்தைப் பற்றித்தான். மாநில உரிமம் எப்போது முடிகிறது, மத்திய போதைப்பொருள் தடுப்பு அமைப்பான டி.இ.ஏ-யின் பதிவை எப்படிப் புதுப்பிப்பது, வேறு மாநிலத்துக்குப் போனால் மறுபடி பணம் கட்ட வேண்டுமா? இந்த வேலையை வெறும் எழுத்துவேலை என்று ஒதுக்கியவன்தான் நானும். ஒரு நோயாளி வலியில் கிடந்தபோதுதான் எனக்குப் புரிந்தது. நீங்கள் அப்படிக் கற்க வேண்டாம்.

1. எது எதைத் தாங்கி நிற்கிறது என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள். அடியில் இருப்பது மாநில மெடிக்கல் போர்டு தரும் உரிமம். அதன்மேல், சில மாநிலங்களில் மட்டும், கட்டுப்பாட்டு மருந்துகளுக்கென்று தனியாக ஒரு மாநிலப் பதிவு. அதற்கும் மேலே மத்திய அரசின் டி.இ.ஏ பதிவு. 1970-ஆம் ஆண்டுச் சட்டம் இந்த மருந்துகளை ஐந்து பட்டியல்களாகப் பிரித்திருக்கிறது. மார்ஃபின், ஆக்ஸிகோடோன் மட்டுமல்ல, தூக்கத்துக்குத் தரும் சோல்பிடெம், பதற்றத்துக்குத் தரும் லோரசெபாம், நரம்புவலிக்குத் தரும் பிரிகாபலின் எல்லாம் இதில் அடங்கும். "நான் வலி மருத்துவர் இல்லையே" என்று எவரும் ஒதுங்க முடியாது. அடியில் இருக்கும் மாநில உரிமம் போனால் மேலே இருக்கும் டி.இ.ஏ பதிவும் நிற்காது. ஆகவே விண்ணப்பிக்கும்போதும் புதுப்பிக்கும்போதும் கீழிருந்து மேலாகப் போங்கள். ரெசிடென்சியில் மருத்துவமனையின் டி.இ.ஏ எண்ணோடு ஓர் உள்குறியீடு சேர்த்து எழுதிக்கொண்டிருந்தீர்கள் அல்லவா? அது அந்த மருத்துவமனையின் வேலைக்குள் மட்டும்தான். வெளியே மூன்லைட்டிங் போனாலும், வேலை மாறினாலும், உங்கள் பெயரில் பதிவு வேண்டும்.

2. டி.இ.ஏ பதிவில் உங்கள் சொந்த மின்னஞ்சலைக் கொடுங்கள். வேலை பார்க்கும் இடத்தின் மின்னஞ்சலைக் கொடுக்காதீர்கள்.

இதற்கு மட்டும் கொஞ்சம் கூடுதலாகச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். சில ஆண்டுகளுக்கு முன் நான் ஒரு மருத்துவமனையை விட்டு வேறொரு குழுவில் சேர்ந்தேன். பழைய இடத்து மின்னஞ்சல் அன்றோடு மூடப்பட்டது. டி.இ.ஏ-யின் நினைவூட்டல்கள் அந்த மூடிய பெட்டிக்கே போய்க்கொண்டிருந்தன. எனக்குத் தெரியாது. ஒரு வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்மசியிலிருந்து ஒரு பெண் கூப்பிட்டார். "டாக்டர், உங்கள் பதிவு காலாவதி என்று காட்டுகிறது, ஃபென்டனில் பேட்ச் கொடுக்க முடியாது" என்றார். அந்த மருந்துச்சீட்டு கணையப் புற்றுநோய் முற்றிய ஒரு பெரியவருக்கு எழுதியது. உடம்பில் ஒட்டியிருந்த பேட்ச் அன்று இரவோடு தீர்கிறது. நான் எழுதக் கூடாது. நான் எழுதிக் கேட்டாலும் பார்மசி கொடுக்கக் கூடாது. கடைசியில் என் சக மருத்துவர் ஒருவர் அந்த வீட்டுக்கே போய், நோயாளியைப் பார்த்து, தன் பெயரில் எழுதிக் கொடுத்தார். மணி பத்தைத் தாண்டிவிட்டது. பெரியவரின் மனைவி என்னிடம் கோபப்படவில்லை. "வருத்தப்படாதீங்க டாக்டர்" என்றுதான் சொன்னார். அதை நான் மறக்கவே இல்லை.

மருத்துவமனை மாறலாம், குழு கலையலாம். பத்து வருடம் கழித்தும் நீங்கள் திறக்கப்போகும் முகவரி எதுவோ அதையே டி.இ.ஏ-க்கும் மாநில போர்டுக்கும் கொடுங்கள். இரண்டுக்கும் ஒரே முகவரி.

3. அறுபதாம் நாளிலேயே முடித்துவிடுங்கள். மருத்துவருக்கு டி.இ.ஏ பதிவு மூன்று வருடத்துக்கு ஒருமுறை; கட்டணம் 888 டாலர். முடியும் தேதிக்கு 60 நாள் முன்னாலிருந்து இணையத்தில் புதுப்பிக்கலாம். 224-ஏ என்று படிவம். எல்லா விவரமும் கையில் இருந்தால் அரைமணி நேர வேலை. தேதிக்கு முன்னால் விண்ணப்பித்துவிட்டால், முடிவு வரத் தாமதமானாலும் அதுவரை பழைய பதிவிலேயே நீங்கள் எழுதலாம். தேதி தாண்டிவிட்டால் நிலைமை வேறு. ஒரு மாத அவகாசம் உண்டு, அதற்குள் அதே எண்ணைப் புதுப்பிக்கலாம். ஆனால் பலர் இதைத் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். அந்த மாதம் புதுப்பிப்பதற்கான அவகாசம். மருந்து எழுதுவதற்கான அவகாசம் இல்லை. காலாவதியான பதிவில் ஒரு நாள்கூட எழுதக் கூடாது. அந்த மாதமும் போனால் புதிதாக விண்ணப்பிக்க வேண்டும், புது எண் வரும். பிறகு அந்தப் புது எண்ணைக் காப்பீட்டு நிறுவனங்களுக்கும் பார்மசிகளுக்கும் மருத்துவமனைகளுக்கும் தெரிவித்தே மாதங்கள் ஓடிவிடும்.

4. பெயரை ஒன்றாக்குங்கள். இது நம்மவர்களுக்கென்றே உள்ள தொல்லை. நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல்தான். பள்ளிச் சான்றிதழில் "கே. செந்தில்குமார்", பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசியில், இங்கே வந்ததும் அப்பா பெயரே "லாஸ்ட் நேம்". டி.இ.ஏ எண்ணின் இரண்டாவது எழுத்து பொதுவாக அந்த லாஸ்ட் நேமின் முதல் எழுத்துதான். அதாவது உங்கள் எண்ணில் அப்பாவின் பெயர் உட்கார்ந்திருக்கிறது. திருமணத்துக்குப் பின் கணவர் பெயரைச் சேர்த்த தங்கைகளுக்கு இன்னும் ஒரு வடிவம் கூடிவிடும். பட்டத்தில் ஒன்று, உரிமத்தில் ஒன்று, டி.இ.ஏ-யில் ஒன்று என்று இருந்தால் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் யாராவது ஒருவர் கேள்வி கேட்டுக் கோப்பை நிறுத்திவைப்பார். மாநில உரிமத்தில் ஒரு வடிவத்தை முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதற்கு மாற்றுங்கள். பெயர் மாற்றத்துக்கான ஆவணங்களை ஸ்கேன் செய்து ஒரே இடத்தில் வையுங்கள். ஊரிலிருந்து கல்லூரி, மெடிக்கல் கவுன்சில் சான்று எதுவாவது மறுபடி வாங்க வேண்டியிருந்தால், அண்ணனையோ மச்சானையோ அலுவலகத்துக்கு அலைய விடாதபடி ஆறு மாதம் முன்னாலேயே தொடங்குங்கள்.

5. எட்டு மணி நேரப் பயிற்சி. போதைப்பழக்க நோய்கள் குறித்து எட்டு மணி நேரம் பயின்றிருக்கிறேன் என்று 2023 ஜூன் 27 முதல், டி.இ.ஏ-யில் புதிதாகப் பதியும்போதோ அடுத்து புதுப்பிக்கும்போதோ உறுதி சொல்ல வேண்டும். வாழ்நாளில் ஒரே ஒருமுறை. ஒரே அமர்வில் முடிக்க வேண்டியதில்லை. ஒரு மணி, இரண்டு மணி என்று சேர்த்த பழைய பாடங்களும் கணக்கில் வரும். அந்த எட்டு மணி நேரம் பாடத்திட்டத்திலேயே இருந்த அமெரிக்க மருத்துவக் கல்லூரியில் கடந்த ஐந்து வருடத்துக்குள் பட்டம் பெற்றவருக்கும், அடிக்ஷன் மெடிசினில் போர்டு சான்று பெற்றவருக்கும் அதுவே போதும். இந்த விதியைக் கொண்டுவந்த அதே சட்டம்தான் புப்ரினார்ஃபின் எழுதத் தனியாக வாங்க வேண்டியிருந்த எக்ஸ்-வெய்வரையும் நீக்கியது. அதை நான் பெரிதாக மதிக்கிறேன். இன்று டி.இ.ஏ பதிவு உள்ள எந்த மருத்துவரும், மாநிலச் சட்டத்துக்கு உட்பட்டு, ஓபியாய்டு பழக்கத்தில் சிக்கியவருக்கு அந்த மருந்தை எழுதலாம். எட்டு மணி நேரத்தைப் பெட்டியில் டிக் போடுவதற்காக மட்டும் உட்காராதீர்கள், கற்றதைப் பயன்படுத்துங்கள். சான்றிதழையும் பத்திரப்படுத்துங்கள்.

6. மாநிலத்துக்கு மாநிலம் கணக்கு வேறு. பென்சில்வேனியாவில் எம்.டி உரிமம் எல்லோருக்கும் இரட்டைப்படை ஆண்டின் டிசம்பர் 31-இல் முடியும். இரண்டு வருடத்துக்கு 100 மணி நேரத் தொடர் மருத்துவக் கல்வி (சி.எம்.இ). மிச்சிகனில் மூன்று வருடம், 150 மணி. கலிபோர்னியாவில் இரண்டு வருடம், 50 மணி. நியூயார்க்கில் உரிமம் ஆயுளுக்கும் ஒன்றுதான், தொழில் செய்வதற்கான பதிவை மட்டும் இரண்டு வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். அங்கே டி.இ.ஏ பதிவு உள்ளவருக்கு வலி மருத்துவம் குறித்து மூன்று வருடத்துக்கு 3 மணி நேரப் பாடம் உண்டு. கட்டுப்பாட்டு மருந்துக்கான தனி மாநிலப் பதிவு மாசசூசெட்ஸ், இலினாய், மேரிலாந்து, மிசௌரி போன்ற மாநிலங்களில் இருக்கிறது. டெக்சாஸ் அதை 2016 செப்டம்பரில் கைவிட்டது. இதையெல்லாம் மனப்பாடம் செய்ய வேண்டாம். விதிகள் மாறும். ஒரே ஒரு தாளில் உங்கள் மாநிலத்துக்குரியதை எழுதுங்கள்: எண், முடியும் தேதி, கட்டணம், எத்தனை மணி, எந்தத் தலைப்பில் கட்டாயப் பாடம். ஆண்டுக்கு ஒரு நாளை இதற்கென்று வையுங்கள். எங்கள் வீட்டில் அது தை இரண்டாம் நாள், பொங்கல் முடிந்த மறுநாள். அந்தத் தாளை எடுத்து போர்டின் தளத்தோடு ஒப்பிட்டுத் திருத்துவேன். பாடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது ஒரே பாடம் மாநிலத்துக்கும் ஸ்பெஷாலிட்டி போர்டுக்கும் கணக்கில் வருமா என்று பாருங்கள்; பெரும்பாலும் வரும்.

7. வேறு மாநிலத்துக்குக் குடிபெயர்கிறீர்களா? புது டி.இ.ஏ எண்ணுக்குப் புதிதாக 888 டாலர் கட்டுபவர்களை நிறையப் பார்க்கிறேன். பழைய மாநிலத்தில் இனி வேலை இல்லையென்றால் இருக்கிற பதிவையே புது மாநில முகவரிக்கு மாற்றக் கேட்கலாம். அதற்குக் கட்டணம் இல்லை. புது மாநில உரிமம் முதலில் கையில் இருக்க வேண்டும், தேவைப்படும் இடத்தில் மாநில மருந்துப் பதிவும். மாற்றத்தை வேலை தொடங்குவதற்கு முன்னாலேயே கேளுங்கள். ஒரே மாநிலத்துக்குள் இரண்டாவது கிளினிக்கில் மருந்துச்சீட்டு மட்டும் எழுதுகிறீர்கள் என்றால் ஒரு பதிவு போதும். அங்கே மருந்தை இருப்பு வைத்துக் கொடுத்தால் அந்த முகவரிக்குத் தனிப் பதிவு வேண்டும்.

8. வேண்டாததை விட்டுவிடுங்கள். 2017-இல் செயலுக்கு வந்த மாநிலங்களுக்கிடையேயான உரிம ஒப்பந்தத்தால் பல மாநில உரிமங்கள் வாங்குவது எளிதாகிவிட்டது. டெலிமெடிசின் வேலைக்காக ஐந்து, ஆறு மாநிலம் என்று வாங்கிச் சேர்க்கிறார்கள். ஒப்பந்தம் விண்ணப்பத்தைத்தான் எளிதாக்கியது. உரிமம் ஒவ்வொன்றும் தனி, கட்டணமும் தேதியும் தனி. ஐந்து மாநிலங்களில் டி.இ.ஏ வைத்தால் மூன்று வருடத்துக்கு 4,440 டாலர். என் கருத்தில், கடந்த ஒரு வருடத்தில் ஒரு நோயாளியைக்கூடப் பார்க்காத மாநிலத்தின் உரிமம் உங்களுக்குப் பாரம்தான். அதைச் சும்மா காலாவதியாக விடாமல், போர்டுக்கு எழுதி முறையாக முடித்துக்கொண்டு, அந்தக் கடிதத்தைக் கோப்பில் வையுங்கள்.

9. கேள்விகளை நீங்களே படியுங்கள். விவரங்களை நிரப்ப அலுவலக மேலாளர் உதவலாம். ஆனால் தண்டனை, வழக்கு, உரிமத்தின் மேல் நடவடிக்கை பற்றிய கேள்விகளுக்கு உங்கள் கை பதில் சொல்லட்டும். பத்து வருடத்துக்கு முன் முடிந்துபோன ஒரு சின்ன விஷயத்தை மறைத்ததால் வரும் துன்பம், அந்த விஷயத்தால் வந்ததைவிடப் பெரிது. சென்ற முறை என்ன பதில் எழுதினீர்கள் என்ற நகலைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதுங்கள்.

மனநலம் பற்றியும் ஒரு வார்த்தை. நியூயார்க்கில் அவசர சிகிச்சை மருத்துவராக இருந்த லோர்னா பிரீன் 2020 ஏப்ரலில், கோவிட் உச்சத்தில், தற்கொலை செய்துகொண்டார். சிகிச்சை எடுத்தால் உரிமம் போய்விடும் என்று அவர் அஞ்சியதாக அவர் குடும்பத்தார் வெளிப்படையாகச் சொன்னார்கள். அவர் பெயரால் 2022-இல் சட்டமே வந்தது. உரிம விண்ணப்பங்களில் பழைய மனநலச் சிகிச்சையைத் துருவும் கேள்விகளைப் பல மாநிலங்கள் மாற்றியிருக்கின்றன. இப்போது வேலை செய்யும் திறனைப் பாதிக்கும் நிலை ஏதும் உண்டா என்று மட்டும் கேட்கின்றன. உங்கள் மாநிலம் கேட்கும் கேள்வியை எழுத்தெழுத்தாகப் படித்து அதற்கு மட்டும் பதில் சொல்லுங்கள். சந்தேகமிருந்தால் வழக்கறிஞரைக் கேளுங்கள். படிவத்துக்குப் பயந்து சிகிச்சையைத் தள்ளிப்போடாதீர்கள். தூக்கமில்லாத ஒரு ராத்திரியில் என்னைக் கூப்பிடலாம், எந்த மணியானாலும்.

10. டி.இ.ஏ-யிலிருந்து பேசுகிறோம், உங்கள் பதிவை ரத்து செய்யப்போகிறோம், பணம் கட்டு என்று தொலைபேசி வந்தால் வைத்துவிடுங்கள். டி.இ.ஏ தொலைபேசியில் பணம் கேட்பதில்லை. அந்த அமைப்பே இந்த மோசடியைப் பற்றி எச்சரித்திருக்கிறது. உண்மையான அதிகாரி நேரில் வருவார் அல்லது கடிதம் வரும். அப்படி நேரில் வந்தவர் பதிவை "தாமாக ஒப்படைக்கும்" படிவத்தை நீட்டினால், மரியாதையாகப் பேசுங்கள், வழக்கறிஞரைப் பார்க்காமல் கையெழுத்துப் போடாதீர்கள்.

இவ்வளவுதான். இன்று இரவு சாப்பாட்டுக்குப் பிறகு டி.இ.ஏ தளத்தில் நுழைந்து இரண்டே விஷயம் பாருங்கள்: பதிவு முடியும் தேதி, அவர்களிடம் இருக்கும் உங்கள் மின்னஞ்சல். பழைய வேலையின் முகவரி இருந்தால் இப்போதே மாற்றிவிடுங்கள்.