மூன்றும் வேண்டாம், அபி

அன்புள்ள அபிக்கு,

நீ அனுப்பிய மூன்று மானிட்டர்களையும் பார்த்தேன். மூன்றும் வேண்டாம். ஏனென்று சொல்லிவிட்டு, எதை வாங்கலாம் என்பதையும் சொல்கிறேன்.

மானிட்டரில் வாங்கிய பிறகு சரிசெய்துகொள்ளக் கூடியவை பல. ஸ்டாண்டு பிடிக்கவில்லையென்றால், பின்னால் வெசா ஓட்டை நான்கு இருந்தால் போதும், தனியாக ஆர்ம் வாங்கி மாட்டிக்கொள்ளலாம். ஸ்பீக்கர் மட்டமென்றால் உன்னிடம் ஹெட்ஃபோன் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டை அடுத்த வருஷம்கூட மாற்றலாம். பேனலை மட்டும் மாற்றவே முடியாது. ஆகவே காசு முழுக்கப் பேனலுக்குப் போகட்டும். முதுகில் எரிகிற கலர் விளக்குக்கு ஒரு ரூபாயும் கூடக் கொடுக்காதே.

முதலாவது, அந்த 32 இன்ச் வளைந்த திரை. 165 ஹெர்ட்ஸ், விலையும் குறைவு. ஆனால் ரெசல்யூஷன் 1920க்கு 1080தான். அவ்வளவு பெரிய திரையில் ஓர் இன்சுக்குச் சுமார் 69 பிக்சல்தான் வரும். எக்செல்லில் எழுத்தின் ஓரம் பிசிறடிக்கும். பேனல் விஏ வகை. கறுப்பு நல்ல கறுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஐபிஎஸ்ஸில் கான்ட்ராஸ்ட் 1000:1 என்றால் இதில் 3000:1 வரை கிடைக்கும். ஆனால் விலை மலிந்த விஏக்களில் இருட்டான காட்சியில் சட்டென்று திரும்பினால் நிழல் பின்னாலேயே இழுபட்டுக்கொண்டு வரும். தலையை லேசாக நகர்த்தினாலே ஓரத்தில் நிற்பவர் முகத்தின் நிறமும் மாறும். விளையாட்டுக்கு மட்டும் என்றால் பொறுத்துக்கொள்ளலாம்.

இரண்டாவது, 27 இன்ச் 4கே, 60 ஹெர்ட்ஸ். நல்ல மானிட்டர்தான். எழுத்து அச்சடித்தது போல இருக்கும். நீ விளையாடாதவளாக இருந்தால் அதையே வாங்கச் சொல்லியிருப்பேன். 4கே என்றால் 83 லட்சம் பிக்சல், 1080ஐப் போல நான்கு மடங்கு. உன்னிடம் இருக்கிற கார்டு அதைத் தள்ளித் தள்ளியே மூச்சு வாங்கிவிடும்.

மூன்றாவது, அந்த ஓஎல்இடி. அதன் மேல் உனக்கு எவ்வளவு ஆசை என்று தெரிகிறது. ஆனால் லைட்ரூமின் பேனல்களும் கீழே டாஸ்க்பாரும் நாள் முழுக்க ஒரே இடத்தில் அசையாமல் நிற்கிற வேலை உன்னுடையது. அந்தத் தடம் திரையிலேயே பதிந்துவிடும் அபாயம் உண்டு. இப்போது வேண்டாம்.

இனி நிறம். உனக்குச் சம்பாத்தியம் கல்யாண ஆல்பத்திலிருந்துதான் வருகிறது, அதனால் இதைக் கொஞ்சம் விரித்தே எழுதுகிறேன். பெட்டியில் '95% டிசிஐ-பி3' என்று பெரிதாகப் போட்டிருப்பார்கள். கெட்டதில்லை. ஆனால் ஆல்பம் அச்சடிக்கிற லேபில் பெரும்பாலும் கேட்பது எஸ்ஆர்ஜிபி ஜேபெக். 1996இல் எச்பியும் மைக்ரோசாஃப்டும் சேர்ந்து முன்வைத்த அந்த அளவைவிட விரிந்த திரையை ப்ரொஃபைல் எதுவும் போடாமல் அப்படியே பயன்படுத்தினால், அரக்குச் சிவப்பு முகூர்த்தப் புடவை தீப்பிடித்தது போலத் தெரியும். மஞ்சள் பூசிய முகம் ஆரஞ்சாகும். நீ பதறிப்போய் சாச்சுரேஷனைக் குறைப்பாய். ஆல்பம் வரும்போது புடவை வெளுத்து, பல தடவை துவைத்தது போல இருக்கும். பெண்ணின் அம்மா முதலில் கேட்பது புடவையைப் பற்றித்தான்.

ஆகவே எஸ்ஆர்ஜிபி முழுவதையும் காட்டுகிற ஐபிஎஸ் பேனலாகப் பார். எஸ்ஆர்ஜிபி மோட் தனியாக இருக்க வேண்டும். அந்த மோடில் பிரைட்னஸைக் கூட்டிக் குறைக்க முடிகிறதா என்பதையும் பார்த்துக்கொள். பல மானிட்டர்களில் அந்த மோடுக்குப் போனதும் பிரைட்னஸ் பூட்டிக்கொள்ளும். இதைப் பெட்டியில் எழுத மாட்டார்கள்; விமர்சனம் எழுதுகிறவர்களிலும் பாதிப்பேர் சொல்வதில்லை.

பிரைட்னஸ்தான் எங்கள் சிவகாசியில் நித்தம் நடக்கிற சண்டை. 'பிரின்ட் இருட்டா வந்திருக்கு' என்று காலண்டர் டிசைன் பண்ணுகிற பையன்கள் மிஷின்காரரிடம் மல்லுக்கு நிற்பார்கள். போய்ப் பார்த்தால் அவர்கள் திரை 300 நிட்ஸில் எரிந்துகொண்டிருக்கும். காகிதம் தானாக எரியாது, மேலே விழுகிற வெளிச்சத்தைத்தான் திருப்பித் தரும். படம் திருத்தும்போது 120 நிட்ஸ் அளவில் வைத்துக்கொள். 6500 கெல்வின், காமா 2.2. காலிபரேட்டர் வாங்க வேண்டாம். ஆல்பம் கொடுக்கிற ஸ்டூடியோவில் இருந்தால் ஒரு நாள் இரவல் கேள்.

வேகம் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேம் 16.7 மில்லிசெகண்ட் நிற்கும், 144இல் 6.9. இந்த வித்தியாசம் யார் கண்ணுக்கும் தெரியும். 240க்குப் போனால் 4.2தான், பந்தயத்துக்கு ஆடுகிறவர்கள் அதற்குக் காசு கொடுக்கட்டும். 'எச்டிஆர் 400' ஸ்டிக்கரைக் கண்டுகொள்ளாதே. அந்தத் தரத்துக்கு இடத்துக்கு இடம் விளக்கை மங்கவைக்கும் வசதி கட்டாயமில்லை, அது இல்லாமல் எச்டிஆரில் பெரிதாக ஒன்றும் தெரியாது.

ஆக, 27 இன்ச், 2560க்கு 1440, ஐபிஎஸ், 144 ஹெர்ட்ஸுக்குக் குறையாமல். இன்சுக்கு 109 பிக்சல். எழுத்துக்கும் போதும், உன் கார்டும் தாங்கும். இதற்கு மேல் காசு மிச்சமிருந்தால் ஒரு நல்ல எஸ்எஸ்டி வாங்கு.

வந்த அன்றே டிஸ்ப்ளேபோர்ட் கேபிளில் மாட்டி, விண்டோஸ் செட்டிங்ஸில் 144ஐ நீயே தேர்ந்தெடு. பல சமயம் அது 60லேயே ஓடிக்கொண்டிருக்கும். பிறகு அறையை இருட்டாக்கி, திரை முழுக்க வெறும் சாம்பல் நிறம் போட்டுப் பார். ஒரு மூலை மஞ்சளித்தால் திருப்பி அனுப்பிவிடு. வெள்ளையும் கறுப்பும் போட்டுப் பார்த்தால் செத்த பிக்சல் தெரியும். ரிட்டர்ன் தேதி முடிவதற்குள் இதையெல்லாம் முடித்துவிடு, சோம்பல்படாதே.

எல்லாம் சரியாக இருந்தால், நீ திருத்திய பட்டுப்புடவைப் படம் ஒன்றை எனக்கு அனுப்பு. இங்கே பிரின்ட் போட்டுக் கூரியரில் அனுப்புகிறேன். பகல் வெளிச்சத்தில் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்து, எது எங்கே மாறியிருக்கிறது என்று போன் பண்ணு.

அன்புடன்,
சித்தப்பா