உயிலில் எழுதிய தருமம் கோயிலுக்கு வந்ததா?

"அந்தக் காலத்திலேயே கோயிலுக்கு உயில் எழுதி வைத்தார்" என்று ஈப்போவிலும் சுற்றியிருந்த தோட்டங்களிலும் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்போம். எழுதியது மெய்யாகவே இருக்கட்டும். கொடுக்கப்பட்டதா என்பது வேறு கேள்வி.

1794-இல் காலமான பச்சையப்ப முதலியார், ஆலய தருமங்களுக்கென்று பெருஞ்செல்வத்தை உயிலில் எழுதிவைத்தார். பணமோ பொறுப்பாளர் கைகளிலும் வழக்குகளிலும் பல்லாண்டு சிக்கிக் கிடந்தது. அரசாங்க அட்வகேட் ஜெனரல் சென்னை சுப்ரீம் கோர்ட்டுக்குப் போன பிறகே தருமத்துக்கு விடிவு. தேங்கிய பணம் வட்டியோடு வளர்ந்திருந்தது. அந்த உபரியில்தான் 1842-இல் அவர் பெயரால் பள்ளி தொடங்கி, பின்னர் கல்லூரியாயிற்று. உயில் இருந்தும் ஏறக்குறைய அரை நூற்றாண்டுத் தாமதம்!

ஆகவே, தேடுவோர் உயிலோடு நின்றுவிடக்கூடாது. நீதிமன்றம் தரும் புரோபேட், சொத்தை நிர்வகிக்கும் அதிகாரம் மட்டுமே. பட்டுவாடா நடந்ததற்குச் சாட்சியன்று. அதே கோப்பில் சொத்துப் பட்டியலும் கடன் பட்டியலும் இருந்தால் முதலில் அவற்றைப் பாருங்கள். கடன் தீர்ந்த பிறகே தானம். கடனே எல்லாவற்றையும் விழுங்கியிருந்தால் யாரையும் பழிக்க இடமில்லை. 1991-இல் நீக்கப்பட்ட மரணச் சொத்து வரியின் பழைய தாள்களும் உதவும்.

நிலமென்றால் நில அலுவலகப் பதிவேடு பேசும். இறந்தவர் பெயரிலிருந்து பொறுப்பாளருக்கும், அவரிடமிருந்து ஆலய அறங்காவலருக்கும் மாறியதா? பொறுப்பாளரோடு நின்றுவிட்டதா? "மனைவியின் ஆயுளுக்குப் பின்" என்று எழுதியிருந்தால், அந்த அம்மாள் காலமான ஆண்டுக்குப் பிறகே தேட வேண்டும். பலர் கோட்டை விடுவது இங்கேதான்.

ரொக்கமென்றால் ஆலயத்தின் வரவுப் புத்தகமும் ரசீது அடிக்கட்டையும் வேண்டும். கொடுத்தவர் கணக்கும் பெற்றவர் கணக்கும் ஒத்துப்போனால்தான் முடிவு. தோட்டக் கோயில்களில் இது கடினம். தோட்டங்கள் துண்டாடப்பட்டபோது எத்தனையோ ஏடுகள் சிதறின. துரை வாய்மொழியாகத் தந்த வாக்கு உயிலாகாது என்பதையும் மறக்கலாகாது.

சில ஏற்பாடுகளைச் சட்டமே ஏற்காது. 1875-இல் பினாங்கு வழக்கொன்றில், முன்னோர் சடங்குக்கென ஒதுக்கிய வீடு பொதுத் தருமமாகாது, அது செல்லாது என்று பிரிவி கவுன்சில் தீர்த்தது.

தருமம் நின்றுபோனது உறுதியானால், 1956-ஆம் ஆண்டு அரசாங்க நடவடிக்கைச் சட்டத்தின் 9-ஆவது பிரிவு இருக்கிறது. சட்டத்துறைத் தலைவரே வழக்குத் தொடரலாம். அல்லது அவருடைய எழுத்து மூல ஒப்புதலுடன், அந்தத் தருமத்தில் உரிமையுள்ள இருவர் தொடரலாம்.