திருச்சி ஒன்றா, மூன்றா?

கேள்வி: பிளஸ் டூ முடித்த என் மகள் டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பில் சேரப்போகிறாள். வகுப்பு தொடங்க இரண்டு மாதம் இருக்கிறது. அதற்குள் என்ன படிக்கலாம்?

பதில்: சென்னை ஐஐடி 2020இல் தொடங்கிய இணையவழி டேட்டா சயின்ஸ் பட்டப்படிப்பின் அடிப்படைக் கட்டத்தைப் பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். அங்கே எட்டுப் பாடங்கள்: கணிதம், புள்ளியியல், ஆங்கிலம் தலா இரண்டு, கணினிச் சிந்தனை, பைத்தான் தலா ஒன்று. எல்லோரும் ஆசைப்படும் மெஷின் லேர்னிங் அந்தக் கட்டத்தில் இல்லை. எனவே பிளஸ் டூ கணிதப் புத்தகத்தை எடைக்குப் போட்டுவிட வேண்டாம்! அணிகள், நிகழ்தகவு, வகைநுண்கணிதம் மூன்றும் திரும்பத் திரும்ப வரும்.

புள்ளியியலில் சூத்திரம் மட்டும் போதாது. 1973இல் பிரான்சிஸ் ஆன்ஸ்கோம் நான்கு சிறிய தரவுத் தொகுப்புகளை வெளியிட்டார். சராசரி, பரவற்படி, ஒட்டுறவு எல்லாம் நான்கிலும் ஏறக்குறைய ஒன்றே. வரைபடமாகப் போட்டால், ஒன்று நேர்கோட்டை ஒட்டிப் போகிறது, இன்னொன்று வில்லாக வளைகிறது. மாணவி அவற்றைத் தன் கையாலேயே வரைந்து பார்க்கட்டும். அரை மணி நேர வேலைதான்.

பைத்தானுக்கு விலையுயர்ந்த லேப்டாப் தேவையில்லை. கூகுள் கோலாப் பிரவுசரிலேயே இலவசமாக ஓடும்.

பாடநூல் அதிகம் சொல்லாத வேலை ஒன்று உண்டு: தரவைச் சுத்தம் செய்வது. ஒரே பட்டியலில் ‘திருச்சி’, ‘ட்ரிச்சி’, ‘திருச்சிராப்பள்ளி’ என்றிருந்தால் கணினிக்கு அவை மூன்று ஊர்கள். வீட்டு மளிகைக் கணக்கை ஒரு மாதம் எக்செலில் ஏற்றிப் பார்த்தால் இந்தத் தலைவலி புரியும். துவரம்பருப்பை அப்பா ஒரு மாதிரி எழுதுவார், அம்மா வேறு மாதிரி.