பழங்காசு தேடும் பிள்ளைகளுக்கு

கோட்டக்குப்பத்திலும், எல்லையைத் தாண்டியதும் வருகிற முத்தியால்பேட்டையிலும், கல்லூரியில் காலெடுத்து வைக்கும் பிள்ளைகள் சிலருக்குப் பழங்காசின்மீது ஆசை பிறந்திருப்பதைச் சில காலமாகக் கவனித்து வருகிறேன். ஆசை நல்லதே, சரித்திரத்தில் ருசி உண்டாவதற்கு இதைவிடச் சிறந்த வாசல் இல்லை என்பது என் அபிப்பிராயம். ஆனால், இங்கிலாந்து தேசத்து வயல்வெளியில் ஒருவர் கருவியை வீசி நடப்பதையும், அது ஒலித்த இடத்தைத் தோண்டி ரோமானியக் காசை எடுத்து நீட்டுவதையும் யூடியூபில் பார்த்துவிட்டு, பல ஆயிரம் ரூபாய்க்கு ஒரு மெட்டல் டிடெக்டரை வாங்கிக்கொண்டு பூங்காக்களையும் கடற்கரையையும் கிளறப் புறப்படுகிறார்களே, அதுதான் எனக்குக் கவலை தருகிறது. சில வீடுகளில் தகப்பனாரே பணத்தைக் கொடுத்து, புதையல் ஏதேனும் அகப்பட்டால் குடும்பக் கஷ்டம் தீருமே என்று பிள்ளையை ஏவிவிடுகிறார்.

விலைகொடுத்து வாங்கிச் சேர்ப்பது, கருவியோடு தேடுவது, ஆய்வாளர்களுடன் கள ஆய்வுக்குப் போவது, அருங்காட்சியகத்திலும் நூலகத்திலும் அமர்ந்து கற்பது என்று இந்த நாட்டமுள்ளவர்களுக்கு வழிகள் பல உண்டு. வாங்கிச் சேர்ப்பதைப் பற்றி நீட்டிச் சொல்ல வேண்டியதில்லை. வார்ப்பில் செய்த போலிகள் மலிந்த சந்தை அது. விளிம்பைப் பார்த்ததுமே அச்சடித்ததையும் வார்த்ததையும் பிரித்தறியக் கண் பழகும்வரை, மலிவான கம்பெனிக் காசுகளோடு நின்றுகொள்வது உத்தமம்.

கருவியின் விஷயம்தான் விரித்துச் சொல்லத் தக்கது. அதன் வளையச் சுருளிலிருந்து மண்ணுக்குள் செல்லும் காந்தப்புலம், அங்கே உலோகம் இருந்தால் அதில் சுழல் மின்னோட்டத்தை எழுப்ப, அந்த எதிர்வினையைக் கருவி நம் காதுக்கு ஒலியாகத் தருகிறது. ஒரு காசளவான பொருளைச் சாதாரணக் கருவி அறிவது பெரும்பாலும் ஒரு சாண் ஆழத்துக்குள்தான். நம் பொம்மையார்பாளையம், ஆரோவில் பக்கத்துச் செம்மண்ணிலோ இரும்புச் சத்து மிகுதி. அந்த மண்ணே கருவியைக் குழப்பும். தந்திராயன்குப்பத்து ஈரமணலுக்கு வந்தால் உப்புநீர் பொய்யொலி எழுப்பும். பூங்காவிலோ சோடா மூடி, ஆணி, மாத்திரை அட்டையின் உலோகத் தாள், யார் பையிலிருந்தோ நழுவிய இன்றைய ஒரு ரூபாய் ஆகியவைதாம் கிடைக்கும். அவற்றுக்காகப் பொதுச் சொத்தான புல்தரையைக் குழி குழியாக்குவது என்ன நியாயம்?

இவை யாவும் சிறு குறைகள். பெருங்குறை, இந்தக் கருவி உலோகத்தைத் தவிர வேறெதையும் அறியாது என்பதே. நம் ஊருக்குத் தெற்கே சில மைல் தொலைவில், அரியாங்குப்பத்து ஆற்றங்கரையில், அரிக்கமேடு இருக்கிறது. 1937-இல் அங்கிருந்த சிறுவர்கள் கொண்டுவந்து தந்த மணிகளுள் ஒன்றில் அகஸ்டஸ் சக்கரவர்த்தியின் தலை செதுக்கப்பட்டிருப்பதாக ழுவோ துப்ரேல் என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்டார், அது கல். 1944-இல் சென்னை அருங்காட்சியகத்து அலமாரியொன்றில் கிடந்த மதுச்சாடித் துண்டு ஒன்று மார்ட்டிமர் வீலரின் கண்ணில் பட, மறு ஆண்டே அவர் அரிக்கமேட்டில் அகழ்ந்தார், அது சுட்டமண். அந்த ஊருக்கும் ரோமாபுரிக்கும் இருந்த வாணிபத்தின் காலத்தை அவர் நிர்ணயித்ததும் இத்தாலியில் வனைந்த அரெட்டைன் வகைச் சிவப்புத் தட்டுகளின் ஓடுகளைக் கொண்டுதான். இவற்றுள் எதன்மேல் கருவியை வீசியிருந்தாலும் அது ஊமையாகவே இருந்திருக்கும்.

அன்றியும், எந்த மண்ணடுக்கில், எந்த ஓட்டின் அருகில், எந்தச் சாம்பலின் கீழ் கிடந்தது என்று தெரியும்போதுதான் காசு சாட்சி சொல்லும். ஒலி கேட்ட இடத்தில் கரண்டியைச் செருகிக் காசை மட்டும் பிடுங்கி எடுத்தவன் ஏட்டைக் கிழித்து ஓர் எழுத்தை வெட்டி எடுத்துக்கொண்டவனுக்கு ஒப்பாவான்.

சட்டத்தையும் சொல்ல வேண்டும். 1878-ஆம் ஆண்டின் புதையல் சட்டப்படி, மண்ணுள் மறைந்து கிடந்து அகப்படும் பொருளின் மதிப்பு பத்து ரூபாயைத் தாண்டினால் ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவித்தாக வேண்டும். மறைத்தவருக்குப் பங்கும் போய், ஓராண்டுவரை சிறையும் கிடைக்கலாம். அரிக்கமேடு போன்ற பாதுகாக்கப்பட்ட இடத்தில் அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். பிற இடங்களில் தொல்லியல் அகழாய்வு நடத்துவதற்கு மாநில அரசே மத்திய அரசின் முன்னனுமதியைப் பெற வேண்டும் என்கிறது 1958-ஆம் ஆண்டுச் சட்டம். நம் வானூர் வட்டத்துத் திருவக்கரையில் கல்மரப் பூங்கா இருக்கிறதே, அங்கே ஒரு சிறு துண்டைக்கூட எடுத்துச் செல்லலாகாது. இங்கிலாந்தில் தேடுபவர்களின் கண்டெடுப்புகளைப் பதிவுசெய்ய 1997 முதல் ஓர் ஏற்பாடு இயங்கி வருகிறது. அத்தகைய ஏற்பாடு இல்லாத நம் நாட்டில் அவர்களுடைய பொழுதுபோக்கை மட்டும் பின்பற்றுவது விவேகமன்று.

என் பட்சபாதத்தை மறைக்காமல் சொல்கிறேன். புதுச்சேரி அக்கசாலையில் அடித்த 'டூடு' என்னும் சிறு செப்புக்காசை உள்ளங்கையில் வைத்துப் பார்த்திருக்கிறேன். ஒரு பக்கம் பிரெஞ்சு மன்னரின் லில்லி மலர். மறுபக்கம் நம் தமிழெழுத்தில் புதுச்சேரி என்னும் ஊர்ப்பெயர், இடம் போதாமல் வரிகளாக முறிந்து நிற்கும். அதற்கு விலை அதிகமில்லை. ஆனால் 1736-இல் ஆளுநர் துய்மா ரூபாய் அடிக்கும் உரிமையைப் பெற்ற வரலாற்றையும், அதே ஆண்டில் தொடங்கும் ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பையும் வாசித்தவன் கையில் அந்தக் காசு பேசுவதுபோல், வாசிக்காதவன் கையில் பேசாது. ஆகையால் படிப்பே முதல் வழி, கள ஆய்வு இரண்டாவது என்பேன். சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்து நாணயங்களைச் சாவகாசமாக ஒரு நாள் முழுவதும் பாருங்கள். வட்டெழுத்தும் தமிழ் பிராமியும் வாசிக்கப் பழகுங்கள். முதுகலை முடித்தபின் தொல்லியல் துறையின் இரண்டாண்டுப் பட்டயப் படிப்பை நினையுங்கள்.

இதற்கெல்லாம் பொறுமை வேண்டும். ஓடு கழுவி எண்ணிட்டு அடுக்கும் வேலையில் அலுப்புத் தோன்றாதவனுக்கே இத்துறை உரியது; அலுப்புத் தோன்றினால் அது இழிவன்று, அவனுக்கு உகந்த வித்தை வேறிடத்தில் இருக்கிறது என்று பொருள். பெற்றோர் இதை நிதானமாக விசாரித்து அறியாமல், அயல்வீட்டுப் பிள்ளை வாங்கினான் என்று கருவி வாங்கித் தருவதும், வேலை கிடைக்காது என்று சரித்திரப் படிப்பையே தடுப்பதும் ஒரே தவறுதான்.

வீட்டுக்கு அஸ்திவாரம் தோண்டும்போதோ கிணறு தூர்வாரும்போதோ பழங்காசு தானாக வெளிப்பட்டால், புளிபோட்டுத் தேய்க்காதீர்கள். செம்பின் மேல் காலம் படியவைத்த பச்சைப் படலத்தோடு எழுத்தும் போய்விடும். கிடந்த இடத்தையும் ஆழத்தையும் குறித்துக்கொண்டு, வானூர் வட்டாட்சியர் அலுவலகத்தின் வழியாக ஆட்சியருக்கு எழுத்தில் தெரிவியுங்கள்.