கண்ணாடியை மாற்றினீர்கள், கண்ணைச் சரிபார்த்தீர்களா?

மூக்குக் கண்ணாடி அணியும் நண்பர்களுக்கு இது நன்கு தெரிந்த அனுபவமாகவே இருக்கும். புதுக் கண்ணாடி வாங்கும்போது கடைக்காரர் நம்மை நேராகப் பார்க்கச் சொல்லி, கருவிழி வில்லையின் எந்த இடத்தில் விழுகிறது என்று மையால் ஒரு புள்ளி வைப்பார். அந்தப் புள்ளி சற்று விலகினாலும் தலைவலி வந்துவிடும். படிக்கட்டில் இறங்கும்போது கால் தடுமாறும். நாமும் கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு கடைக்குத் திரும்பிச் செல்வோம்.

மகிழுந்துக்கு இப்போது கண் வந்துவிட்டது. ஆனால், அதற்குத் தலைவலி வருவதில்லை. தவறாகப் பார்த்தாலும் சரியாகப் பார்ப்பதாகவே அது நம்பிக்கொண்டிருக்கும். இதை எனக்குக் கற்றுக்கொடுத்தது விரிவுரை மண்டபம் அன்று. எங்கள் வீட்டு மகிழுந்துதான்.

கடந்த ஆண்டு விடுமுறையில் நானும் அப்பாவும் கோலாலம்பூரிலிருந்து தைப்பிங்கிற்குத் திரும்பிக்கொண்டிருந்தோம். தாப்பாவைக் கடந்த சிறிது நேரத்தில், முன்னால் சென்ற லோரியிலிருந்து தெறித்த கல் ஒன்று முகப்புக் கண்ணாடியில் பட்டது. முதலில் ஒரு சிறு வெள்ளைப் புள்ளி. வீடு சேர்வதற்குள் அஃது ஒரு சாண் நீள விரிசலாக வளர்ந்துவிட்டது. மறுநாளே கண்ணாடிக் கடைக்குச் சென்றோம். ஒன்றரை மணி நேரத்தில் பழைய கண்ணாடியை அறுத்தெடுத்துப் புதியதை ஒட்டி, அதில் கேமராவையும் பொருத்திவிட்டார்கள்.

"கேமரா பழையபடி வேலை செய்யுமா அண்ணே?" என்று கேட்டேன்.

"லைட்டு ஏதும் எரியலதானே தம்பி? அப்ப சரிதான்."

எனக்கும் அது நியாயமாகவே பட்டது. பொறியியல் படிக்கும் மாணவன் அதற்கு மேல் கேட்டிருக்க வேண்டும், கேட்கவில்லை.

மூன்று வாரங்கள் கழித்து, மெனோரா சுரங்கப்பாதையை ஒட்டிய வளைவுகளில் தொல்லை தொடங்கியது. மகிழுந்து தடத்தின் நடுவில்தான் சென்றது. ஆனால், இடக்கோட்டைத் தாண்டுவதாக எச்சரிக்கை ஒலித்துக்கொண்டே இருந்தது. அப்பா எரிச்சலடைந்தார். அன்றிலிருந்து வாகனத்தைக் கிளப்பியதும் அவர் செய்த முதல் வேலை அந்த அமைப்பை அணைப்பதுதான். அதைவிடக் கவலைக்குரியது, அவர் அணைக்க மறந்த ஒரு நாளில் நடந்தது. சந்தைக்கு அருகே நெரிசலில், முன்னால் சென்ற மோட்டார் சைக்கிள் சட்டென நின்றது. கத்தியிருக்க வேண்டிய கருவி கத்தவில்லை. அப்பா தாமாகவே பிரேக்கை மிதித்ததால் தப்பித்தோம். தேவையில்லாதபோது கத்துவது தொல்லை. தேவைப்படும்போது மௌனமாக இருப்பது ஆபத்து. இரண்டுக்கும் காரணம் ஒன்றுதான் என்பது பிறகுதான் தெரிந்தது.

கேமரா எப்படித் தொலைவை அறிகிறது?

கேமராவின் வழியே சாலையைப் பார்த்து வாகனமோட்டிக்கு உதவும் எண்ணம் நேற்று முளைத்ததன்று. சுபாரு நிறுவனம் 1999ஆம் ஆண்டிலேயே இரட்டைக் கேமரா பொருத்திய மகிழுந்தை ஜப்பானில் விற்றது. 2008இல் அதே நிறுவனத்தின் 'ஐசைட்' அமைப்பு வந்தது. நம் நாட்டில் 2017 நவம்பரில் அறிமுகமான மூன்றாம் தலைமுறை மைவியின் உயர்வகையில் இத்தகைய இரட்டைக் கேமரா இடம்பெற்றது. அதன்பின் சாதாரணக் குடும்பங்களின் வீட்டு வாசலுக்கும் இந்தத் தொழில்நுட்பம் வந்துவிட்டது எனலாம்.

இரட்டைக் கேமரா நம் இரு கண்களைப் போன்றது. கட்டை விரலை மூக்குக்கு நேரே பிடித்து, ஒரு கண்ணை மூடி மறு கண்ணால் மாறி மாறிப் பாருங்கள். விரல் இடம் பெயர்வது போல் தோன்றும். விரலைத் தூரமாகக் கொண்டு சென்றால் அந்தப் பெயர்ச்சி குறையும். கேமராவும் இந்தப் பெயர்ச்சியை அளந்தே தொலைவைக் கணக்கிடுகிறது.

இரு வில்லைகளுக்கும் இடைவெளி 8 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். 50 மீட்டருக்கு அப்பால் நிற்கும் வாகனத்தை இரண்டும் பார்க்கும் கோணங்களுக்கிடையே உள்ள வேறுபாடு ஏறத்தாழ 0.09 பாகை மட்டுமே. இதில் 0.01 பாகை பிழை ஏற்பட்டால் 50 மீட்டர் தொலைவு 56 மீட்டர் என்றோ, 45 மீட்டர் என்றோ கணக்காகும். கணக்குப்போடும் கருவியை வாங்கி நீங்களே சரிபார்த்துக்கொள்ளலாம். முதன்முறை நான் போட்டபோது நம்பாமல் இரண்டு முறை போட்டேன்.

ஒற்றைக் கேமராவின் கதை வேறு. அது சாலைக் கோடுகள், முன் வாகனத்தின் அளவு, அதன் சக்கரங்கள் தரையைத் தொடும் இடம் ஆகியவற்றைக் கொண்டு தொலைவை ஊகிக்கிறது. அது தலையை ஒரு பாகை திருப்பினால், 100 மீட்டருக்கு அப்பால் அதன் பார்வை 1.75 மீட்டர் விலகிவிடும். நெடுஞ்சாலையில் ஒரு தடத்தின் அகலம் சுமார் மூன்றரை மீட்டர். அதாவது, பக்கத்துத் தடத்தில் செல்லும் வாகனத்தை நம் தடத்தில் செல்வதாகவும், நம் முன்னால் இருப்பதைப் பக்கத்தில் இருப்பதாகவும் நினைக்க ஒரு பாகையே போதுமானது.

கண்ணாடிக்கு இதில் என்ன வேலை?

கேமராவைத்தானே கழற்றி மாட்டினார்கள், கண்ணாடி வெறும் கண்ணாடிதானே என்று கேட்கலாம். இங்கேதான் பலரும் ஏமாறுகிறோம்.

முகப்புக் கண்ணாடி ஒரே தகடு அன்று. இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே மெல்லிய நெகிழிப் படலத்தை வைத்து ஒட்டியது. அதனால்தான் கல் பட்டாலும் தூளாகச் சிதறாமல் விரிசல் மட்டும் விடுகிறது. தகடுகளின் இரு பக்கங்களும் துல்லியமாக இணையாக இருந்தால், ஒளிக்கதிர் சற்று இடம் பெயர்ந்து அதே திசையில் வெளியேறும். ஆனால், ஒரு பக்கம் மயிரிழை அளவு தடித்திருந்தாலும் கண்ணாடி முப்பட்டகம்போல் நடந்துகொள்ளும். கதிரின் திசையே மாறிவிடும். முகப்புக் கண்ணாடி சாய்ந்திருப்பதால் ஒளி அதைச் சரிவாகக் கடக்கிறது; இதனால் குறையின் விளைவும் கூடுகிறது. நம் கண்கள் இதைப் பொருட்படுத்துவதில்லை. 0.01 பாகைக்குத் தடுமாறும் கேமராவால் பொருட்படுத்தாமல் இருக்க முடியாது. ஒரே அச்சில் வார்த்த இரண்டு கண்ணாடிகள்கூட முற்றிலும் ஒன்றுபோல் இருப்பதில்லை.

அடுத்தது ஒட்டும் பசை. கண்ணாடி வாகனத்தின் சட்டத்தில் ஒரு பசைப் பட்டையின்மீது அமர்கிறது. கேமராவைத் தாங்கும் பிடிப்பானோ பெரும்பாலும் கண்ணாடியிலேயே ஒட்டப்பட்டிருக்கும். கண்ணாடியின் உயரம் 80 சென்டிமீட்டர் என்று கொண்டால், கீழ்ப்பக்கப் பசை 2 மில்லிமீட்டர் தடித்துவிட்டாலே கண்ணாடியும் அதோடு கேமராவும் 0.14 பாகை சாய்ந்துவிடும். கையால் பசை இழைக்கும் எவராலும் 2 மில்லிமீட்டரைக் கண்ணால் கண்டுபிடிக்க முடியாது. ஆகவே, இதில் கடைக்காரரின் கைத்திறனை மட்டும் குறைகூறிப் பயனில்லை. எவ்வளவு திறமையாக ஒட்டினாலும், ஒட்டியபின் அளந்து பார்த்தே ஆகவேண்டும்.

அப்படியானால் எச்சரிக்கை விளக்கு ஏன் எரியவில்லை? கேமராவுக்கு மின்சாரம் வருகிறதா, இணைப்பு உள்ளதா, படம் தெளிவாக உள்ளதா என்பதையே அந்த விளக்குப் பெரும்பாலும் சொல்கிறது. படம் தெளிவாக இருந்து, பார்க்கும் திசை மட்டும் சற்றே பிசகியிருந்தால் அதை உணர அதற்கு வழியில்லாமல் போகலாம். சில வாகனங்களில் கண்ணாடி மாற்றியதும் விளக்கு எரியும், சிலவற்றில் எரியாது. எரியாததைக் கண்டு எல்லாம் சரி என்று முடிவு செய்வதுதான் தவறு. "ஓட ஓடத் தானாகக் கற்றுக்கொள்ளும்" என்றும் சிலர் சொல்வதுண்டு. அது பாதி உண்மை. சிறு விலகல்களை ஓட்டத்தில் திருத்திக்கொள்ளும் கேமராக்கள் உள்ளன. ஆனால், அந்தத் திருத்தத்திற்கும் ஓர் எல்லை உண்டு.

அளவுத்திருத்தம் எப்படி நடக்கிறது?

பட்டறையில் 'காலிப்ரேஷன்' என்பார்கள். தமிழ்ப்பள்ளியை விட்டு இடைநிலைப்பள்ளிக்குச் சென்றபின் அறிவியலை மலாயிலும் ஆங்கிலத்திலும் படித்த எனக்கு, இதற்குத் தமிழில் என்ன சொல்வதென்று உடனே பிடிபடவில்லை. 'அளவுத்திருத்தம்' என்ற சொல் கிடைத்தபோது, மளிகைக்கடைத் தராசு நினைவுக்கு வந்தது. தெரிந்த எடையைத் தட்டில் வைத்து முள் எங்கே நிற்கிறது என்று பார்த்து முத்திரை குத்துவார்கள் அல்லவா? அதே வேலைதான். எடைக்குப் பதில் இங்கே ஒரு பலகை.

நாங்கள் பிறகு சென்ற சேவை மையத்தில் முதலில் வண்டியின் பின்பெட்டியைக் காலி செய்யச் சொன்னார்கள். அதில் அம்மா கோயிலுக்கென்று வைத்திருந்த அண்டாவும் அரிசி மூட்டையும் இருந்தன. எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், காரணம் சரியானது. பாரத்தால் பின்பக்கம் 2 சென்டிமீட்டர் தாழ்ந்தால், முன் பின் சக்கரங்களுக்கு இடையே இரண்டரை மீட்டர் உள்ள வாகனத்தின் மூக்கு ஏறத்தாழ அரைப் பாகை மேலே தூக்கும். 50 மீட்டருக்கு அப்பால் அது 40 சென்டிமீட்டர். பிறகு சக்கரங்களின் காற்றழுத்தத்தைச் சரிபார்த்தார்கள். சமதளமான தரையில் வண்டியை நிறுத்தி, அதன் நடுக்கோட்டை லேசர் ஒளியால் குறித்து, உற்பத்தியாளர் சொன்ன தொலைவிலும் உயரத்திலும் கறுப்பு வெள்ளைக் கட்டங்கள் உள்ள பலகையை நிறுத்தினார்கள். கணினியை இணைத்ததும் கேமரா அந்தப் பலகையைப் பார்த்தது. பலகை எங்கே இருக்கிறது என்பது கணினிக்குத் தெரியும். கேமரா எங்கே இருப்பதாக நினைக்கிறது என்பதும் இப்போது தெரியும். இரண்டுக்கும் உள்ள வேறுபாடே திருத்த வேண்டிய பிழை.

எங்கள் வாகனத்தில் அந்தப் பிழை ஒரு பாகைக்கும் குறைவாகவே இருந்தது. அப்பா அந்த எண்ணைப் பார்த்துவிட்டு, "இவ்வளவுதானா?" என்றார். நான் கைப்பேசியில் கணக்குப் போட்டுக் காட்டினேன். அதன்பின் அவர் ஒன்றும் பேசவில்லை.

நின்றபடி செய்யும் இந்த முறையன்றி, ஓட்டியபடி செய்யும் முறையும் உண்டு. கணினியை இணைத்துக்கொண்டு, கோடுகள் தெளிவாகத் தெரியும் சாலையில் குறிப்பிட்ட வேகத்தில் ஓட்டிச் செல்ல வேண்டும். கேமரா சாலைக் கோடுகளையும் பிற வாகனங்களையும் பார்த்துத் தன்னைத் திருத்திக்கொள்ளும். நம் நாட்டில் மாலை மழையும் நெரிசலும் இதற்கு எதிரிகள். எந்த முறை என்பதை வாகனத்தின் உற்பத்தியாளரே முடிவு செய்கிறார். சிலவற்றிற்கு இரண்டும் தேவை.

கண்ணாடி மாற்றும்போது மட்டும்தான் என்றில்லை. முன்பக்கம் மோதிய பிறகும், கேமராவைக் கழற்றி மாட்டிய பிறகும், சக்கர அமைப்பைச் சீர்செய்த பிறகும் கேமராவைச் சரிபார்க்க வேண்டியிருக்கலாம். சுருள்வில்லை மாற்றி வண்டியைத் தாழ்த்தும் நம் வளாக நண்பர்கள் இந்த வரியை இன்னொரு முறை படிக்கலாம். கறுப்புத்தாள் ஒட்டுகிறவர்கள் கேமராவுக்கு முன்னுள்ள பகுதியை விட்டுவிடுமாறு சொல்லவேண்டும்.

யார் செலவு?

முகப்புக் கண்ணாடிக்கெனத் தனிக் காப்புறுதியை முழுக் காப்புறுதியோடு சேர்த்து எடுக்கலாம் என்பது பலருக்குத் தெரியும். அதைக் கோரினால், 55 விழுக்காடுவரை சேர்த்து வைத்திருக்கும் கோரிக்கையின்மைக் கழிவுக்குப் பாதிப்பில்லை. ஆனால், அந்தத் தொகையைக் கண்ணாடியின் விலைக்கு மட்டும் கணக்கிட்டு எடுத்துவிடுகிறோம். எங்களுக்கு அளவுத்திருத்தச் செலவு கண்ணாடி விலையில் ஏறத்தாழப் பாதி ஆனது. முழுவதும் அப்பாவின் சட்டைப் பையிலிருந்து போனது. காப்புறுதியைப் புதுப்பிக்கும்போதே அந்தத் தொகையில் அளவுத்திருத்தமும் அடங்குமா என்று முகவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

கண்ணாடிக் கடைகளின் பக்கமும் ஒரு நியாயம் உள்ளது. என் மாமா ஒருவர் அத்தகைய கடையில் இருபது ஆண்டுகளாக வேலை செய்கிறார். "எங்க கடை நீளத்துக்கு வண்டிய உள்ள விட்டா பலகை வெக்க எடமில்லடா" என்றார். சமதளத் தரை, பலகைகள், ஒவ்வொரு நிறுவனத்திற்கும் வெவ்வேறு மென்பொருள் என்று அனைத்தையும் ஒரு சிறு கடை வாங்குவது எளிதன்று. ஆனால், "இதை எங்களால் செய்ய முடியாது, செய்யும் இடத்திற்குக் கொண்டுபோங்கள்" என்று சொல்வதற்குப் பணம் தேவையில்லை. மாமாவிடம் இதைச் சொன்னபோது சற்று நேரம் யோசித்தார். இப்போது கேமரா உள்ள வண்டி வந்தால், ரசீதின் அடியில் 'கேமரா சரிபார்க்கப்படவில்லை' என்று மலாயில் கையால் எழுதிக் கொடுக்கிறாராம். முதலாளிக்கு அது பிடிக்கவில்லை, ஆனாலும் தடுக்கவில்லை.

திருத்தம் முடிந்து திரும்பும்போது மெனோராவின் வளைவுகளில் ஒரு சத்தமும் வரவில்லை. முன்னும் பின்னும் வாகனமில்லாத ஒரு நேர்ச்சாலையில் அப்பா வேண்டுமென்றே இடக்கோட்டின்மேல் மெல்ல ஏற்றினார். உடனே ஒலித்தது. மீண்டும் தடத்திற்கு வந்து, வலப்பக்கமும் ஒருமுறை செய்து பார்த்தார். அங்கும் ஒலித்தது. அதன்பின் அந்தப் பொத்தானை அவர் தொடவில்லை.