சோடியம் வெளிச்சம் இருக்கும்போதே

பழைய தெருவிளக்குகளைப் படமெடுக்க ஆசைப்படுகிறவர்கள் கடைவீதியையும் பஸ் ஸ்டாண்டையும் விட்டுவிடலாம். 2015 ஜனவரியில் நாடு தழுவிய எல்இடி தெருவிளக்குத் திட்டம் தொடங்கியதிலிருந்து, நான் சுற்றும் ஊர்களில் முதலில் மாறியவை அந்த இடங்கள்தான். கும்பகோணம், மயிலாடுதுறைப் பக்கம் எனக்குச் சோடியம் விளக்கு அகப்பட்டதெல்லாம் குளத்தின் பின்கரையில், ரைஸ் மில் மதிலோரத்தில், முட்டுச்சந்தின் கடைசிக் கம்பத்தில். ஆள் நடமாட்டம் குறைந்த இடத்தில்தான் பழசு தங்குகிறது.

விளக்கை அண்ணாந்து பார்க்கும் முன் கம்பத்தைப் பாருங்கள். விளக்கு மாறினாலும் கம்பம் லேசில் மாறாது. சிமென்ட் கம்பங்களுக்கு நடுவே, பழைய தண்டவாளத்தையே நிமிர்த்தி நட்ட கம்பங்கள் இன்னும் பல ஊர்களில் நிற்கின்றன. தண்டவாளத்தின் பக்கவாட்டில் உருக்காலையின் பெயரும் உருவாக்கிய ஆண்டும் புடைப்பெழுத்தில் இருப்பது வழக்கம். பெயின்ட் பூச்சுகளுக்கு அடியில் மங்கிப்போயிருந்தாலும், காலை வெயில் சாய்வாக விழும்போது எழுத்து எழுந்து தெரியும். அதை எடுக்காமல் வந்தால் கம்பத்தில் பாதியை விட்டுவிட்டு வந்த மாதிரி. ஆனால் அந்த ஆண்டைக் கம்பம் நட்ட ஆண்டாக எழுதிவிட வேண்டாம். ரயிலைச் சுமந்து ஓய்ந்த பிறகு கம்பமானது அது.

எந்த விளக்கு எந்த வகை என்று கண்டுபிடிக்க எனக்குப் பெரிய உதவி கரண்ட் கட்! மின்சாரம் போய்த் திரும்பும்போது எல்இடி உடனே எரியும். டியூப் லைட் கண் சிமிட்டிவிட்டு எரியும். சூடாக இருந்த சோடியம் பல்பு ஓரிரு நிமிடம் ஆறிய பிறகுதான் உயிர்பெறும்; மங்கிய வெளுப்பாகத் தொடங்கி, மஞ்சளாகி, மெல்லப் பொன்னிறத்துக்கு வரும். மெர்குரி விளக்கு கடைசி ஆள். அது பல நிமிடம் இருட்டில் நின்றுவிட்டு, பிறகு நீலப்பச்சை சாயலில் எரியும். அந்தச் சாயல் இப்போது அரிதாகிவிட்டது. எங்கே பார்த்தாலும் வண்டியை நிறுத்திவிடுங்கள்.

படம் எடுக்கச் சரியான நேரம் நள்ளிரவு இல்லை. சூரியன் மறைந்து விளக்கு போட்ட பிறகு, வானத்தில் நீலம் மிச்சமிருக்கும் இருபது நிமிடம்தான். விளக்கின் வெளிச்சம், கம்பத்தின் உருவம், பின்னாலுள்ள ஓட்டு வீடு மூன்றும் ஒரே படத்தில் நிற்கும். நன்றாக இருட்டிவிட்டால் வெறும் வெளிச்சப் பொட்டுதான் மிஞ்சும். விளக்கின் வடிவத்துக்கு மட்டும் பகலில் ஒருமுறை தனியாகப் போக வேண்டும். வளைந்த கை, எனாமல் தட்டு, துருப்பிடித்த சோக் பெட்டி எல்லாம் அப்போதுதான் தெரியும்.

கேமராவின் ஆட்டோ ஒயிட் பேலன்ஸை நம்பவே கூடாது. சோடியத்தின் நிறவெப்பம் 2000 கெல்வின் அளவில்தான் இருக்கும். ஆட்டோவில் விட்டால் கேமரா அந்தப் பொன்னிறத்தைக் குறை என்று நினைத்து வெளுக்கப் பார்க்கும். நாம் தேடி வந்ததே அந்த நிறத்தைத்தானே! டே லைட்டில் பூட்டிவிடுங்கள். ஷட்டர் வேகம் 1/50 நொடிக்கு மேல் போக வேண்டாம். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் இந்த விளக்குகள் நொடிக்கு நூறு தடவை கூடிக் குறைகின்றன. வேகமாக எடுத்தால் படத்தில் பட்டை பட்டையாக விழும். போனில் எடுப்பவர்கள் திரையில் விளக்கின் மேல் விரலை வைத்து வெளிச்சத்தைக் குறைத்துக்கொண்டால் போதும்.

இதையெல்லாம்விட முக்கியமானது, கேமராவை எடுக்கும் முன் தெருவில் ஒருவரிடமாவது பேசிவிடுவது. ராத்திரியில் ட்ரைபாடோடு ஒருவன் நின்றால் யாருக்கும் சந்தேகம் வரும்.

"என்ன தம்பி, எங்க வீட்டையா எடுக்குறீங்க?"

"இல்லம்மா, இந்த லைட்டைத்தான். பழைய லைட்டு."

"அதா? அது நான் கல்யாணமாகி வந்தப்பவே இருந்துச்சே!"

ஒரு விளக்கின் வயதை எந்த ஆவணமும் எனக்கு இவ்வளவு சுலபமாகச் சொன்னதில்லை. நகராட்சி வயர்மேன் கிடைத்தால் இன்னும் நல்லது. எந்தத் தெருவில் எப்போது மாற்றப் போகிறார்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.

மழைக்காலத்தில் கம்பத்தைத் தொடாதீர்கள், சாய்ந்துகொள்ளாதீர்கள், ட்ரைபாடையும் தள்ளியே வையுங்கள். மின்கசிவு கண்ணுக்குத் தெரியாது.

வீட்டுக்கு வந்ததும் கம்பத்தில் பெயின்டால் எழுதிய எண், தெருப் பெயர், தேதி, விளக்கின் வகை எல்லாவற்றையும் படத்தோடு எழுதி வைக்கிறேன். எரிந்து எரிந்து அணைகிற சோடியம் விளக்கைக் கண்டால் மட்டும் இன்னொரு நாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதில்லை. பெரும்பாலும் பல்பின் ஆயுள் முடிகிறது என்பதற்கு அடையாளம் அது. பழுது பார்க்க வருகிறவர் கையில் புது எல்இடியோடுதான் வருவார்.