எந்திரத்தின் காலக் கணக்கு

ஒரு செயல் இனிது முடிவதற்குச் செய்வோனுடைய வலிமை மட்டும் போதாது. அதற்குரிய காலமும் பொருந்துதல் வேண்டும். பருவம் தவறி விதைத்த உழவன், எத்துணை நல்ல வித்தைத் தூவினும் முழு விளைவைக் காணமாட்டான். பயிருக்கு மட்டுமன்றி, இரும்பால் ஆகிய எந்திரத்திற்கும் இவ்வுண்மை பொருந்தும். மோட்டார் வண்டியின் எந்திரத்தில் வால்வுகள் திறந்து மூடும் காலம் சிறிது பிறழ்ந்தாலும், எந்திரம் தன் ஆற்றலில் ஒரு பகுதியை இழந்துவிடும். அக்காலத்தை அளந்து சரிசெய்யும் முறையை, புகழ்பெற்ற ஒரு சிறிய வண்டியின் வாயிலாக அறியலாம்.

1956ஆம் ஆண்டில் சூயஸ் கால்வாய் பற்றி எழுந்த பூசலால் இங்கிலாந்தில் பெட்ரோலுக்குப் பெருந்தட்டுப்பாடு உண்டாயிற்று. குறைந்த எரிபொருளில் ஓடும் சிறு வண்டி ஒன்று வேண்டும் என்று பிரிட்டிஷ் மோட்டார் கார்ப்பரேஷனின் தலைவர் லெனார்டு லார்டு கருதினார். அதனை அமைக்கும் பணியை அலெக் இசிகோனிஸ் என்னும் பொறியறிஞர் ஏற்றார். 1959ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 26ஆம் நாள் அவ்வண்டி வெளிவந்தது. ‘மினி’ என்னும் பெயரால் உலகம் அதனை அறியும். அதன் நீளம் ஏறத்தாழ 10 அடியே. இடத்தைச் சிக்கனப்படுத்தும் பொருட்டு, எந்திரம் அதில் குறுக்காகப் பொருத்தப்பட்டது. 2000ஆம் ஆண்டு வரை 53 இலட்சத்துக்கு மேற்பட்ட மினி வண்டிகள் செய்யப்பட்டன. அவற்றுள் பழையவற்றைப் போற்றி வைத்திருப்போர், அவற்றின் எந்திரங்களைக் கழற்றித் தேய்ந்த உறுப்புகளை மாற்றி, மீண்டும் புதியனபோல் அமைத்துக் கொள்கின்றனர். அங்ஙனம் அமைக்கும்போது மிகுந்த கவனத்துடன் செய்ய வேண்டிய பணிகளுள் ஒன்று கேம் தண்டின் காலத்தைச் சரிசெய்வதாகும்.

மினியின் எந்திரத்தில் நான்கு சிலிண்டர்கள் உள்ளன. ஒவ்வொன்றிலும் ஒரு பிஸ்டன் மேலும் கீழும் இயங்கி, அடியிலுள்ள கிராங்குத் தண்டைச் சுழற்றுகிறது. பெட்ரோல் ஆவி கலந்த காற்றை உட்கொள்ளுதல், அதனை அழுத்துதல், அது எரிந்து பிஸ்டனைத் தள்ளுதல், புகையை வெளியேற்றுதல் என்னும் நான்கு தொழில்கள் அங்கு முறையே நிகழ்கின்றன. இந்நான்கும் ஒருமுறை நிறைவேறக் கிராங்குத் தண்டு இருமுறை சுற்றுதல் வேண்டும். காற்று உட்புகுவதற்கு ஒரு வால்வும், புகை வெளிச்செல்வதற்கு ஒரு வால்வும் ஒவ்வொரு சிலிண்டரிலும் உண்டு.

இவ்வால்வுகளைத் திறக்கச் செய்வது கேம் தண்டு. அத்தண்டில் முட்டை வடிவான புடைப்புகள் வரிசையாக அமைந்துள்ளன. அவற்றிற்குக் கேம்கள் என்று பெயர். தண்டு சுழலும்போது கேமின் கூர்ந்த பகுதி தன்மேல் அமர்ந்துள்ள டப்பெட்டை உயர்த்தும். டப்பெட்டு, புஷ் ராடு என்னும் நீண்ட கோலை உயர்த்தும். அக்கோல் ராக்கர் என்னும் நெம்புகோலின் ஒரு முனையைத் தள்ள, அதன் மறுமுனை வால்வை அழுத்தித் திறக்கும். கிராங்குத் தண்டு இருமுறை சுற்றும்போது ஒவ்வொரு வால்வும் ஒருமுறையே திறத்தல் வேண்டும். ஆகவே கேம் தண்டு பாதி வேகத்திலேயே சுழல்கிறது. இதற்காகக் கிராங்குத் தண்டின் முனையில் ஒரு சிறு பற்சக்கரமும், கேம் தண்டின் முனையில் அதைப்போல் இரு மடங்கு பற்களையுடைய பெருஞ்சக்கரமும் பொருத்தப்பட்டு, இரண்டும் ஒரு சங்கிலியால் பிணைக்கப்பட்டுள்ளன.

பிஸ்டன் உச்சியை அடைந்தபின்னரே உள்வாங்கும் வால்வு திறக்கும் என்றும், அடியை அடைந்தவுடனே அது மூடும் என்றும் எண்ணத் தோன்றும். உண்மை அதுவன்று. காற்றுக்கும் எடை உண்டு. நின்ற காற்று உடனே ஓடத் தொடங்காது. ஓடுகின்ற காற்றும் உடனே நின்றுவிடாது. ஆதலின் வால்வு சற்று முன்னரே திறந்து, சற்றுப் பின்னரே மூடுமாறு கேம்கள் கடைந்தெடுக்கப்பட்டுள்ளன. 848 கன சென்டிமீட்டர் அளவுள்ள தொடக்க கால மினி எந்திரத்தில், உள்வாங்கும் வால்வு உச்ச நிலைக்கு 5 பாகை முன்னர்த் திறந்து, அடி நிலைக்கு 45 பாகை பின்னர் மூடும். புகைபோக்கும் வால்வு அடி நிலைக்கு 40 பாகை முன்னர்த் திறந்து, உச்ச நிலைக்கு 10 பாகை பின்னர் மூடும். இவை யாவும் கிராங்குத் தண்டின் சுழற்சியைக் கொண்டு கூறப்படும் பாகைகள். எந்திரம் நிமிடத்துக்கு 3600 சுற்று சுழலும்போது, ஒரு நொடியில் 21,600 பாகைகள் கடந்துவிடும். அவ்விரைவிலும் இக்கணக்குத் தவறாது நடைபெறுதல் வேண்டும்.

சக்கரங்களைப் பொருத்துவோர் வழிதவறாதிருக்க, அவ்விரண்டிலும் ஒவ்வொரு புள்ளி இடப்பட்டுள்ளது. இரு புள்ளிகளும் ஒன்றையொன்று எதிர்நோக்கி, தண்டுகளின் நடுப்புள்ளிகளை இணைக்கும் நேர்கோட்டில் நிற்குமாறு சங்கிலியைப் பூட்டுதல் முறை. இதனால் ஒரு பல் தவறிப் பூட்டும் பெரும்பிழை நீங்கும். எனினும், புள்ளிகள் பொருந்திய அளவிலேயே காலம் முற்றும் பொருந்திவிட்டது என்று கொள்ளுதல் கூடாது. சக்கரத்தில் சாவிக்காக வெட்டிய பள்ளம், தண்டில் வெட்டிய பள்ளம், கேம் கடைந்த கோணம், சங்கிலியின் நீளம் ஆகிய ஒவ்வொன்றிலும் மயிரிழை வேறுபாடு இருத்தல் கூடும். அவையெல்லாம் ஒருபுறமே சேர்ந்தால் சில பாகைகள் பிறழும். சங்கிலி தேய்ந்து நீளுமாயின் கேம் தண்டு மேலும் பின்தங்கும். ஆதலின் அளந்து பார்த்தலே தக்கது.

அளப்பதற்கு இரு கருவிகள் வேண்டும். ஒன்று, விளிம்பில் 360 பாகைகள் குறித்த வட்டத் தகடு. இதனைக் கிராங்குத் தண்டின் முனையில் பொருத்தி, எந்திரத்தின் உடலில் ஒரு கம்பியை முள்ளாக வளைத்து நிறுத்துவர். மற்றொன்று, மிகச் சிறிய அசைவையும் முகப்பு முள்ளால் காட்டும் டயல் கேஜ். சிலிண்டர்களின் மேல்மூடியாகிய ஹெட்டைப் பூட்டுவதற்கு முன்னரே இவ்வளவு எடுக்கப்படும்.

முதலில் பிஸ்டனின் உச்ச நிலையைக் காணுதல் வேண்டும். இங்குத்தான் கண் ஏமாறும். மேலே எறிந்த பந்து உச்சியில் ஒரு கணம் நிற்பதுபோல் தோன்றுமன்றோ? பிஸ்டனும் உச்சியை நெருங்கும்போது, தண்டு சில பாகைகள் திரும்பியும் தான் அசையாததுபோல் தோன்றும். அத்தேக்கத்தின் நடுவிடம் எது என்று பார்வையால் துணிதல் அரிது. ஆகவே அறிவுடைய தொழிலாளி உச்சியைத் தேடான். அதன் இருபுறமும் அளப்பான். பிஸ்டன் ஏறிவரும்போது உச்சிக்குக் கீழே ஒரு குறித்த தொலைவில் முள் காட்டும் பாகையைக் குறித்துக்கொள்வான். உச்சியைக் கடந்து அதே தொலைவு இறங்கியவுடன் மீண்டும் குறிப்பான். முன்னது 12 பாகை, பின்னது 16 பாகை என்றால், இரண்டும் 14 ஆகும்படி முள்ளை 2 பாகை திருத்துவான். அப்போது தகட்டின் சுழி, உண்மையான உச்ச நிலையைக் காட்டும்.

கேமின் உச்சியைக் காண்பதற்கும் இம்முறையே பயன்படும். முதல் சிலிண்டரின் உள்வாங்கும் வால்வுக்குரிய புஷ் ராடின்மேல் டயல் கேஜை வைத்து, எந்திரம் ஓடும் திசையிலேயே தண்டைத் திருப்புதல் வேண்டும். பின்னோக்கித் திருப்பினால் சங்கிலியின் தளர்ச்சி அளவைப் பொய்யாக்கும். கோல் முழு உயரத்தை அடைவதற்குச் சிறிது முன்னும், கடந்து அதே அளவு இறங்கிய பின்னும் பாகைகளைக் குறித்தல் வேண்டும். அவை உச்ச நிலைக்குப் பின் 76, 148 எனக் கொள்வோம். இரண்டின் கூட்டுத்தொகை 224. அதிற் பாதி 112. அங்கேதான் வால்வு முழுதும் திறக்கிறது.

இனி, அது இருக்க வேண்டிய இடம் யாது? வால்வு திறந்திருக்கும் காலம் 5, 180, 45 ஆகிய மூன்றும் சேர்ந்த 230 பாகை. அதிற் பாதி 115. உச்ச நிலைக்கு 5 பாகை முன்னரே திறந்தமையின், அதனைக் கழிக்க 110 எஞ்சும். 112 என அளவு காட்டுமாயின், கேம் தண்டு 2 பாகை பின்தங்கியுள்ளது என்பது தெளிவு. அந்நிலையில் வால்வு காலந்தாழ்ந்து மூடும். எந்திரம் மெல்லச் சுழலும்போது உட்புகுந்த காற்றில் ஒரு பகுதியைப் பிஸ்டனே வெளியே தள்ளிவிட, ஏற்றங்களில் வண்டியின் இழுப்பு அதற்கேற்பக் குறையும்.

இதனைத் திருத்துவது ஒரு சிறு துண்டு இரும்பு. கேம் தண்டோடு சக்கரத்தைப் பிணைக்கும் பிறை வடிவான சாவியை எடுத்துவிட்டு, மேற்பகுதி சற்றே ஒருபுறம் விலகிய வேறொரு சாவியைப் பொருத்தினால், தண்டு வேண்டிய அளவு முன்னேறும். கிராங்குத் தண்டில் 2 பாகை என்பது கேம் தண்டில் 1 பாகையே என்பதை மறத்தலாகாது. சாவியை மாற்றியபின் மீண்டும் அளத்தல் வேண்டும். அளவு பொருந்திய பின்னரே சங்கிலியின் மூடியைப் பூட்டுதல் வேண்டும். பூட்டியபின் அவ்வுறுப்புகளை ஒருவரும் காணார். எனினும் அவை பொருந்தினவா, பிறழ்ந்தனவா என்பதை ஓடும் வண்டி ஒவ்வொரு நாளும் உணர்த்திக்கொண்டேயிருக்கும்.

கைத்தொழிலுக்குக் கணக்கு எதற்கு என்று சிலர் எண்ணுவர். இரண்டு எண்களைக் கூட்டிப் பாதியாக்கும் எளிய கணக்கு, கண்ணால் காண இயலாத உச்சியைக் காட்டித் தருகிறது. தோற்றத்தைக் கண்டு அமையாமல் இருபுறமும் ஆராய்ந்து நடுவைத் துணிவோனே எத்தொழிலிலும் பிழை நீங்கி நிற்பான்.